மீறினால் யார் வருவார்?

மலைக்கும் கடலுக்கும் நடுவே இன்றிருக்கும் ஊர்களில் ஒன்றுகூடத் தோன்றாத காலம் அது. பெரியவர்களே, கேளுங்கள். சின்னவர்களும் கேளுங்கள், ஆனால் சற்று நெருங்கி உட்கார்ந்து கேளுங்கள்.

மேற்கே மலைநாடு. அதை ஆண்டவன் வல்லேறன். கிழக்கே வயல்நாடு. அதை ஆண்டவன் அருங்கண்டன். இரண்டு நாட்டுக்கும் நடுவே வெண்களர் என்றொரு வெற்று நிலம் கிடந்தது. உவர் பூத்து வெளுத்த மண். அங்கே புல் முளைக்காது, பறவை இறங்காது. ஒற்றை வன்னிமரம் மட்டும் நின்றது.

அந்த மண்ணை யாரும் விரும்பவில்லை. அதன் ஓரமாக மலையிலிருந்து இறங்கி வயலுக்குப் போன சிற்றாற்றை விரும்பினார்கள். அந்த மண்ணைக் கடந்து கோடையில் மேய வரும் மலைமாடுகளை விரும்பினார்கள். இவற்றுக்காக ஏழு ஆண்டு போரிட்டார்கள்.

ஏழாம் ஆண்டின் முடிவில் வாள் பிடிக்கவும் கை இல்லை, நாற்று நடவும் கை இல்லை. இறந்தவர்களைப் பிரித்து எடுத்துப் போக எவருக்கும் தெம்பில்லை. வெண்களரில் நீளமாக ஒரே குழி வெட்டினார்கள். மலையான், வயலான் என்று பாராமல் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி மூடினார்கள். மூடிய இடம் ஒரு நீண்ட வரப்பைப் போல மேடாக நின்றது.

அந்த மேட்டின் அருகே இரண்டு மன்னர்களும் நின்று உடன்படிக்கை செய்தார்கள். மூன்று வாக்குகள் கொடுத்தார்கள். மலையார் ஆற்றை மறிப்பதில்லை. வயலார் மாட்டைப் பிடிப்பதில்லை. இருவருமே வெண்களருக்குள் ஆயுதம் கொண்டுவருவதில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் அல்லவா? சேந்தி என்ற பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் உப்பு விற்கும் உமணர் குடியைச் சேர்ந்தவள். மாட்டு வண்டியில் உப்பு ஏற்றிக்கொண்டு இரண்டு நாட்டுக்கும் போய்வருகிற குடி அது. இரண்டு நாட்டுக்கும் சொந்தமில்லாத குடி. அவள் கணவன் அந்துவன், போரின் கடைசி ஆண்டில், இரண்டு படைகளுக்கு நடுவே வண்டியோடு அகப்பட்டுச் செத்தவன். அவனும் அந்தக் குழியில்தான் கிடந்தான்.

அவளுக்கு ஒரு முரசைக் கொடுத்தார்கள். இரண்டு நாட்டிலும் உடையாமல் மிஞ்சிய போர்முரசு அது ஒன்றுதான்.

"யாராவது வாக்கை மீறினால் இதை அடி" என்றான் வல்லேறன். "காற்று இதன் ஒலியை இரண்டு காதம் கொண்டுபோகும். இருவரும் வருவோம்."

"வந்து?" என்றாள் சேந்தி.

"வந்து சரிசெய்வோம்."

"வராவிட்டால் யார் வருவார், அரசே?"

மன்னர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அருங்கண்டன் சிரித்தான். "அரசர்கள் சொன்ன சொல்லம்மா இது. இதற்கு மேல் வேலி எதற்கு?"

சேந்தி இன்னும் ஒருமுறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏழு ஆண்டுக்குப் பிறகு சோறு பொங்கும் மணம் அன்றுதான் காற்றில் வந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. முரசை வாங்கி வன்னிமரத்தடியில் வைத்தாள். பக்கத்தில் ஒரு குடிசையும் போட்டுக்கொண்டாள்.

ஓராண்டு நல்லபடியாகப் போயிற்று.

இரண்டாம் ஆண்டின் கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தது. சேந்தி கரையோடு மேற்கே நடந்து பார்த்தாள். மலையின் அடிவாரத்தில் யாரோ ஆற்றுக்குக் குறுக்கே கல் அடுக்கியிருந்தார்கள். முழங்கால் உயரம்தான். அதன் பின்னே ஒரு சிறிய குட்டை தேங்கியிருந்தது.

அவள் திரும்பி வந்து, வெயில் ஏறும் பொழுதில் முரசை அடித்தாள். மூன்று முறை அடித்துவிட்டுக் காத்திருந்தாள். மேற்கே பார்த்தாள், புழுதி எழவில்லை. கிழக்கே பார்த்தாள், புழுதி எழவில்லை.

உச்சிப்பொழுது வந்தது. அவரவர் நிழல் அவரவர் காலடியில் ஒடுங்கும் நேரம். உச்சியில் வெளியே போகாதே என்று நம் வீடுகளில் சொல்வார்கள் அல்லவா, அந்த நேரம்.

மேட்டின் மேல் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

மன்னர் அனுப்பிய ஆட்கள் என்று நினைத்து, சேந்தி குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். கிட்டப் போகப் போக அவள் நடை தளர்ந்தது. கானல் எல்லாவற்றையும் அசைத்துக்கொண்டிருந்தது. மரத்தை அசைத்தது, மலையை அசைத்தது. அந்த மூவரை மட்டும் அசைக்கவில்லை. அவர்கள் நின்ற வெண்மண்ணில் காலடித் தடம் ஒன்றும் இல்லை.

ஒருவன் மலைநாட்டுத் தோலாடை உடுத்தியிருந்தான். மற்ற இருவரும் வயல்நாட்டார். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்களைப் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"தாயே, முரசு கேட்டது" என்றான் தோலாடைக்காரன். "மறுபடியும் தொடங்கிவிட்டதா?"

சேந்தி குடத்தைக் கீழே வைத்தாள்.

"எழ வேண்டுமா என்று கேட்கிறான்" என்றான் பக்கத்தில் நின்றவன். "எழத் தெம்பில்லை. ஆனாலும் முரசு கேட்டால் எழத்தானே வேண்டும்?"

"இல்லை" என்றாள் சேந்தி. "ஒன்றும் தொடங்கவில்லை. கொஞ்சம் கல்லை எடுத்துப்போட வேண்டும், அவ்வளவுதான். போய்ப் படுங்கள்."

அவர்கள் தலையசைத்தார்கள். அவள் கண்ணிமைத்துத் திறந்தபோது மேடு வெறுமையாக இருந்தது. அவள் நிழல் ஒரு விரல் அளவு கிழக்கே நீண்டிருந்தது.

மாலையில் நாட்டுக்கு ஓர் அதிகாரியாக இருவர் வந்தார்கள். கல்லணையைப் பார்த்தார்கள். "மாடு குடிக்க ஒரு குட்டை, வேறொன்றுமில்லை" என்றார் மலைநாட்டு அதிகாரி. "சின்ன விஷயம்" என்றார் வயல்நாட்டு அதிகாரி. இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து தேனும் தினைமாவும் உண்டார்கள். கல்லை எடுக்காமலே போய்விட்டார்கள்.

சேந்தி தனியாகப் போய்க் கல்லைப் பெயர்க்கப் பார்த்தாள். மலைநாட்டு மேய்ப்பர்கள் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்கள். முரட்டுத்தனமாக இல்லை, மரியாதையாகத்தான் தடுத்தார்கள்.

அடுத்த கோடையில் கல் இடுப்பளவு உயர்ந்தது. வயல்நாட்டில் ஆற்றுநீர் கடைசியாய்ப் போய்ச் சேரும் கடைமடை வயல்கள் காய்ந்தன. அதற்குப் பதிலாக வயல்நாட்டார் மேய வந்த மலைமாடுகளில் பன்னிரண்டைப் பிடித்துப் பட்டியில் அடைத்தார்கள். "நெல்லை மேய்ந்தன" என்றார்கள். நெல்லே விளையாத ஆண்டு அது.

சேந்தி முரசை அடித்தாள்.

உச்சியில் முப்பது பேர் நின்றார்கள். மேட்டைவிட்டு இறங்கி, மரத்துக்குப் பாதி வழியில் வரிசையாக நின்றார்கள். அவர்களில் ஒரு வயதான வீரன் முன்னால் வந்தான். அவன் ஆடையெல்லாம் மண்ணாகிவிட்டதால் எந்த நாட்டவன் என்று தெரியவில்லை.

"தாயே, ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"மறந்துவிட்டது. நெடுநாள் சேர்ந்து கிடந்துவிட்டோம்."

சேந்தி அழுதாள். "எந்தப் பக்கமும் வேண்டாம், ஐயா. படுங்கள். நான் போய்ப் பேசுகிறேன்."

அன்று மாலை மலைநாட்டிலிருந்து ஒரே ஒரு ஆள் வந்தான். வயல்நாட்டிலிருந்து ஆள் வரவில்லை, ஓலை வந்தது. அணையைப் பற்றி முதலில் கேளுங்கள் என்று அதில் எழுதியிருந்தது.

சேந்தி வண்டி பூட்டினாள். முதலில் மலையேறி வல்லேறனின் அவைக்குப் போனாள்.

"அவன் என் மாட்டைப் பிடித்திருக்கிறான். நீ என்னிடம் வந்து கல்லைப் பற்றிப் பேசுகிறாய்" என்றான் வல்லேறன்.

"கல்தான் முதலில் வந்தது, அரசே. நீங்கள் இருபது வீரரைக் கொடுங்கள், வயல்நாட்டரசர் இருபது வீரரைக் கொடுக்கட்டும். நாற்பது பேரும் மரத்தடியில் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருக்கட்டும். கல் வைத்தால் அன்றே எடுப்பார்கள். மாட்டைப் பிடித்தால் அன்றே அவிழ்ப்பார்கள். பிறகு உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்."

"என் வீரன் உப்பு விற்பவள் சொல் கேட்டு நிற்பானா?" என்றான் அவன்.

அங்கிருந்து இறங்கி அருங்கண்டனிடம் போனாள். அருங்கண்டன் அவ்வளவு கடுமையானவன் இல்லை. அவளை உட்காரச் சொன்னான், மோர் கொடுக்கச் சொன்னான். ஆனால் அவனும் அதே சொல்லைத்தான் சொன்னான். "அவன் கல்லை எடுக்கட்டும், நான் மாட்டை விடுகிறேன். என் கையை மட்டும் ஏன் கட்ட வேண்டும்?"

வேறு வழியில்லாமல் சேந்தி உச்சிவேளையில் எழுந்தவர்களைப் பற்றிச் சொன்னாள். அரசனின் தம்பி கடம்பன் மீசையைத் தடவிச் சிரித்தான். படைத்தலைவன் அவன். "வெயில், அண்ணா. வெயிலில் தனியாக இருந்தால் பனைமரம்கூடப் பேசும்" என்றான்.

அரசனின் மகள் காந்தள் தூணோரம் அமர்ந்திருந்தாள். போரில் கணவனைப் பறிகொடுத்தவள். நாட்டின் களஞ்சியங்களை அவள்தான் பார்த்து வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"அவர்கள் என்ன கேட்டார்கள்?" என்றாள்.

"எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டார்கள், அம்மா."

காந்தள் தன் தந்தையைப் பார்த்தாள். "இருபது பேரைக் கொடுத்தால் நமக்கு என்ன குறையும், அப்பா?"

"மானம் குறையும்" என்றான் கடம்பன்.

அருங்கண்டன் வாய் திறக்கவில்லை. வாய் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காத அரசனுக்காக மற்றவர்கள் பேசிவிடுவார்கள், கடம்பன் பேசிவிட்டான். சேந்தி வெறுங்கையோடு திரும்பினாள்.

அதற்கடுத்த கோடை வந்தது. மலையார் வெண்களருக்குள் ஒரு பரண் கட்டினார்கள். "வேட்டைக்கு" என்றார்கள். புல்லும் பறவையும் இல்லாத இடத்தில் என்ன வேட்டை? வயலார் எதிரே ஒரு பரண் கட்டினார்கள். "உங்கள் வேட்டையைப் பார்ப்பதற்கு" என்றார்கள். இரண்டு பரணிலும் வில் தெரிந்தது.

அடிக்கலாமா வேண்டாமா என்று சேந்தி இரண்டு நாள் தவித்தாள். அடித்தால் யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அடிக்காவிட்டாலோ, ஏற்றுக்கொண்ட வேலையைச் செய்யாதவளாவாள். மூன்றாம் நாள் அடித்தாள்.

பரணில் இருந்த வீரர்கள் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஒருவரையொருவர் குறிபார்க்கத் தொடங்கினார்கள்.

உச்சி வந்தது. காற்று நின்றது. வெண்களர் முழுக்க மனிதர்கள் நின்றார்கள். மேட்டிலிருந்து மரம் வரை, மரத்திலிருந்து பரண் வரை, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல். பரணில் இருந்தவர்களின் கண்ணுக்கு அவர்கள் தெரியவில்லை. ஆனாலும் அந்த வெயிலில் அவர்களுக்குக் குளிரெடுத்தது. மேலாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் சேந்தியிடம் வந்தான். கையில் ஆயுதம் இல்லை. சாட்டை இருந்தது. அது அந்துவன்.

"மாடுகள் தண்ணீர் குடித்தனவா?" என்று கேட்டான். சாகும்போது அவன் மனத்தில் இருந்தது அதுதான் போலும்.

"குடித்தன" என்றாள் சேந்தி.

"அப்படியானால் நான் படுக்கலாமா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். இரண்டு பரண்களையும் பார்த்தாள். பொய் சொல்ல முடியவில்லை. மெய் சொல்லவும் முடியவில்லை. நிழல் நீளும் வரை அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு யாரும் இல்லை. ஆனால் இந்த முறை வெண்மண்ணில் தடங்கள் இருந்தன. ஆயிரமாயிரம் காலடிகள். பாதி மலையை நோக்கிப் போயின, பாதி வயலை நோக்கிப் போயின.

நான்காம் நாள் போர் மூண்டது. எந்தப் பரணிலிருந்து முதல் அம்பு வந்தது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது.

ஒன்பது நாள் நடந்தது அந்தப் போர். முந்தைய ஏழு ஆண்டு எடுத்த உயிர்களை ஒன்பது நாளில் எடுத்தது. தப்பி வந்தவர்கள் ஊரில் சொல்லத் தயங்கிய சேதி ஒன்று உண்டு. பாசறையிலிருந்து கிளம்பியபோது ஆயிரம் பேர். களத்தில் பக்கத்தில் நின்று தள்ளியவர்களோ அதைப்போல் இரண்டு மடங்கு. வெட்டினால் சிலருக்கு இரத்தம் வரவில்லை, புழுதி வந்தது. வெட்டுப்பட்டவன் கோபிக்கவும் இல்லை. "முடிந்ததா?" என்று மட்டும் கேட்டானாம்.

ஒன்பதாம் நாள் வல்லேறன் விழுந்தான். அன்றே அருங்கண்டனும் விழுந்தான். அரசர்கள் இருவரும் இல்லாததால் போர் நின்றது. பழைய மேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மேடு எழுந்தது. அது பழையதைவிட நீளம்.

மலைநாட்டுக்கு வல்லேறனின் மகன் நெடுங்குன்றன் அரசனானான். வயல்நாட்டுக்குக் காந்தள் அரசியானாள். புது மேட்டின் ஈரம் காயும் முன்னே இருவரும் அங்கே வந்து நின்றார்கள். புலவர் ஒருவர் பழைய உடன்படிக்கையை எடுத்து வாசித்தார். மலையார் ஆற்றை மறிப்பதில்லை. வயலார் மாட்டைப் பிடிப்பதில்லை. இருவருமே ஆயுதம் கொண்டுவருவதில்லை.

"நல்ல சொற்கள்" என்றான் நெடுங்குன்றன். "இதையே வைத்துக்கொள்வோம்."

சேந்தி குடிசையிலிருந்து வந்தாள். அந்த ஒன்பது நாளில் அவள் தலை முழுவதும் நரைத்திருந்தது. அன்று கேட்டதையே கேட்டாள். ஆனால் இன்று இருவர் கண்ணையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டாள்.

"மீறினால் யார் வருவார்?"

அமைச்சர்கள் மண்ணைப் பார்த்தார்கள்.

"பதில் இல்லையென்றால் எனக்கு விடைகொடுங்கள்" என்றாள் அவள். "இந்த முரசை நீங்களே எடுத்துப் போங்கள். உயிரோடு இருப்பவர் வராத இடத்தில் இறந்தவர்களை எழுப்பிக்கொண்டிருக்க என்னால் முடியாது."

"நான் வருவேன்" என்றாள் காந்தள். "என் நாட்டார் மீறினால் அன்று உச்சிக்குள் நானே வருவேன். நான் வராவிட்டால் நீங்கள் காத்திருக்க வேண்டாம். இங்கே நாற்பது வயலாரும் நாற்பது மலையாரும் இருப்பார்கள். சேந்தியம்மை சொன்னால் கல்லை உடைப்பார்கள், பட்டியைத் திறப்பார்கள். தடுப்பவன் யாராயிருந்தாலும் கட்டுவார்கள். என்னையும்தான். வயலாருக்கு மலைநாடு சோறு போடட்டும். மலையாருக்கு நான் போடுகிறேன்."

நெடுங்குன்றன் புது மேட்டைத் திரும்பிப் பார்த்தான். "என் தந்தை இதற்கு ஒப்பியிருக்கமாட்டார்."

"என் தந்தையும்தான்" என்றாள் காந்தள். "இருவரையும் இப்போதுதான் புதைத்தோம்."

அவன் ஒப்புக்கொண்டான். மனமில்லாமல்தான் ஒப்புக்கொண்டான். எண்பது பேரும் மரத்தைச் சுற்றிப் பாசறை அமைத்தார்கள். முதல் மாதம் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உண்டார்கள். மூன்றாம் மாதம் ஒரே அடுப்பு எரிந்தது.

சொல் கொடுப்பது எளிது. சோதனை அடுத்த கோடையில் வந்தது.

காந்தளின் சிற்றப்பன் கடம்பன் ஆறு மலைமாடுகளைப் பிடித்தான். அவனுடைய தோப்புக்குள் நுழைந்தன என்று பட்டியில் அடைத்தான். ஆறே ஆறு மாடு. ஒன்பது நாள் போரில் நாட்டைத் தாங்கி நின்றவன் அவன். குழந்தைப் பருவத்தில் அவளைத் தோளில் தூக்கித் தேர் காட்டியவனும் அவன்தான். படையில் பாதி அவன் சொல்லில் இருந்தது.

விடியற்காலையில் முரசு ஒலித்தது. காந்தள் குதிரையைக் கேட்டாள். அமைச்சர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஆறு மாடு, அரசி. ஓர் ஓலை போதும்" என்றார் ஒருவர்.

"சிற்றப்பன் மனம் நோகும்" என்றார் இன்னொருவர்.

"அவர் பக்கம் படை திரும்பினால்?" என்றார் மூன்றாமவர்.

மூன்றாமவர் சொன்னதில் உண்மை இருந்தது. அவளுக்கு அது தெரியும். ஆனாலும் குதிரையில் ஏறினாள்.

வெண்களரில் சேந்தி மேட்டைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவள் நிழல் ஒரு முழமாயிற்று. ஒரு சாணாயிற்று. எண்பது பேரும் எழுந்து நின்றார்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புது மேட்டின் முதுகில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடிற்று. உள்ளிருந்து யாரோ மூச்சை இழுப்பதுபோல விளிம்பு மண் மெல்ல உள்ளே சரிந்தது.

நிழல் நான்கு விரல் இருந்தபோது கிழக்கே புழுதி தெரிந்தது. இரண்டு விரல் இருந்தபோது காந்தள் குதிரையிலிருந்து குதித்தாள்.

"வந்துவிட்டேன்" என்றாள். சேந்தியிடம் சொன்னாளா, மேட்டிடம் சொன்னாளா தெரியாது.

சரிந்துகொண்டிருந்த மண் நின்றது. உச்சி வந்தது, போயிற்று. மேட்டில் யாரும் எழவில்லை.

எண்பது பேரோடும் அவள் பட்டிக்குப் போனாள். கடம்பன் வாயிலில் உருவிய வாளோடு நின்றான். அவன் பின்னே அவன் ஆட்கள் நின்றார்கள்.

"ஆறு மாட்டுக்காக உன் சிற்றப்பனையா எதிர்க்கிறாய்?"

"ஆறு மாட்டுக்காகத்தான், சிற்றப்பா. அறுநூறு ஆகிவிட்டால் என்னால் உங்களைத் தடுக்க முடியாது."

"நான் இல்லாவிட்டால் உனக்கு நாடே இல்லை."

"தெரியும்" என்றாள் அவள். ஆனால் கால் நிற்கவில்லை. நேராக நடந்து, அவன் வாள்முனை தோளில் உரச, அவனைக் கடந்து போய்ப் பட்டியின் படலைத் தன் கையால் தள்ளித் திறந்தாள்.

கடம்பன் வாளை ஓங்கினான். வயல்நாட்டு வீரன் ஒருவனும் மலைநாட்டு வீரன் ஒருவனும், ஆளுக்கொரு கையாக, அவன் கையைப் பிடித்தார்கள். அவன் ஆட்கள் அரசியின் தோளில் வடிந்த இரத்தத்தைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவனும் அசையவில்லை.

அன்றே அவன் வாளும் படைத்தலைமையும் பறிக்கப்பட்டன. மூன்றாண்டு நாட்டுக்குள் வரக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. அவனை வழியனுப்ப அரசி வந்து நிற்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள் என்று பணிப்பெண்கள் சொன்னார்கள்.

ஆறு மாடுகளும் மலைக்குப் போயின. பட்டியில் இருந்தபோது ஒன்று கன்று ஈன்றிருந்தது. காந்தள் அந்தக் கன்றையும் சேர்த்து அனுப்பினாள்.

மலையில் நெடுங்குன்றன் கன்றோடு ஏழு மாடுகளையும் பார்த்தான். ஓட்டி வந்தவர்களிடம் நடந்ததையெல்லாம் கேட்டான். பிறகு தன் ஆட்களில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு, எவரிடமும் சொல்லாமல், மேல்மலையில் ஒரு பாறை மறைவுக்குப் போனான். அங்கே, எவர் கண்ணுக்கும் படாத இடத்தில், அந்தக் கோடையில் அவன் மறைவாகக் கட்டத் தொடங்கியிருந்த அணை இருந்தது. தானே தண்ணீரில் இறங்கி முதல் கல்லைப் பெயர்த்தான். சாயங்காலத்துக்குள் ஆறு பழையபடி ஓடிற்று.

இதிலிருந்து அறிய வேண்டியது: மீறியவனை அன்றே, அவன் நம்மவனே ஆனாலும், தடுத்து நிறுத்த ஆளும் வலிமையும் வைக்காமல் செய்யும் சமாதானம், அடுத்த போரில்தான் போய் முடியும்.